உட்கார்ந்த அளவு

பட்டறையில் அவளுக்குத் தூசியக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டோடு சரி. அந்த ராணுவ முகாமில் ரேடியோக்களைச் சோதிக்கிற பெட்டிகள் நூற்றுப் பத்து இருந்தன. அவற்றை மாதா மாதம் திறந்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, ஒயரை இழுத்துப் பார்த்து, பேட்டரியைக் கவனித்து, முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. வைத்தியருக்கு வைத்தியம் பார்க்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். பழுதானதைச் சரி செய்கிறவனுக்கு ஊரே கை தட்டும். பழுதாகாமல் பார்த்துக்கொள்கிறவளை எவன் திரும்பிப் பார்க்கிறான்? பதினாறு வருஷமாக ஒருத்தரும் பார்க்கவில்லை, அவளும் அதற்காக அழவில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் நூல் கட்டிய அட்டை ஒன்று தொங்கும். தேதி, அளவு, குறிப்பு, கையெழுத்து என்று நாலு கட்டம். ஒழுங்காகச் செய்வதென்றால், பூட்டிய அலமாரியிலிருந்து அளவு தப்பாத தாய்க் கருவியைத் தூக்கி வந்து, அரை மணி நேரம் சூடேற விட்டு, பெட்டியை அதன் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒரே அளவைக் காட்டுகிறதா என்று ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாமல் போன மாத எண்ணைப் பார்த்து இந்த மாதக் கட்டத்திலும் எழுதிவிட்டால், அதற்குப் பட்டறையில் 'உட்கார்ந்த அளவு' என்று சொல்வார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அளந்தது என்று அர்த்தம். எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், எல்லாரும் செய்வார்கள். தூசியக்கா மட்டும் செய்யமாட்டாள் என்று ஒரு பேர் இருந்தது.

பேர்தான் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் தாய்க் கருவியையே பழுது பார்க்க வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒப்பிட ஒன்றும் இல்லை. ஆனால் கட்டத்தை வெறுமையாக விட்டால் மேலதிகாரி சத்தம் போடுவார். ஒரு மாதம்தானே என்று எழுதினாள். அடுத்த மாதமும் எழுதினாள். மூன்றாம் மாதம் தாய்க் கருவி வந்துவிட்டது, ஆனால் கை பழகிவிட்டதே! பெட்டி மூடியைத் திறப்பதைக்கூட விட்டுவிட்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தவள், ஏடு ஏடாகச் சுரைக்காய் நட ஆரம்பித்தாள்.

அன்று காலை ஏழு மணிக்கு அவள் தம்பி பட்டறைக்கு வந்து பன்னிரண்டாம் நம்பர் கைசெட்டை எடுத்துப் போனான். வெளியே வேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்கிற சின்ன ரேடியோ அது. ஏதாவது ஆபத்து என்றால் பட்டனை அமுக்கி உதவி கேட்க மட்டும்தான் அது. தம்பி அவளைவிட எட்டு வயது இளையவன். அப்பா அம்மா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு 'வாலு' என்று பேர் வந்து, முப்பது வயதாகியும் அது விடவில்லை. ஆன்டெனா கம்பம் ஏறுகிற வேலை. அன்றைக்கு மலை உச்சியில் இருக்கும் கம்பத்துக்குப் போக வேண்டும். இரண்டு பேர் போக வேண்டிய இடம், இன்னொருவனுக்குக் காய்ச்சல்.

"தனியாவா போறே? நாளைக்குப் போகக்கூடாதா?" என்றாள்.

"நாளைக்குப் போனா கம்பம் குட்டையாயிடுமா? சும்மா இரேன்க்கா. இதோ, உன் கையால பாஸான செட்டு இருக்கு. அப்புறம் என்ன?"

ஒன்பதாம் பெட்டியின் மேல் கைசெட்டை வைத்துப் பட்டனை அமுக்கினான். முள் எழுந்து பச்சைப் பட்டையில், நாலு புள்ளி ஏழில் நின்றது. "பார்த்தியா, உன்னை மாதிரியே. ஒரு நூல் அசையாது," என்று சொல்லி அவள் தலையில் பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். படவா!

பத்து மணிக்கு, நாளை மறுநாள் ஆய்வுக்குழு வருகிறது என்று செய்தி வந்தது. சரி, முக்கியமானதையாவது திறந்து பார்ப்போம் என்று ஒன்பதாம் பெட்டியைக் கையில் எடுத்தாள். கைசெட்டுகள் எல்லாமே அதில்தான் பாஸாகின்றன. நாலு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

பேட்டரி ஒழுகியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் ஒழுகல் இல்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குப் பிடித்து, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையில் பாதியைத் தின்றிருந்தது. முள்ளுக்குப் போகும் ஒயர் அறுந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. செத்த பெட்டி. செத்து மாதக் கணக்கு ஆகியிருக்கும்.

அப்படியென்றால் காலையில் முள்ளைத் தூக்கியது எது?

பெட்டியைத் திருப்பி முகப்பைப் பார்த்தாள். கைசெட்டு இல்லை, ஒன்றும் சொருகியிருக்கவில்லை. முள் நாலு புள்ளி ஏழில் நின்றது. பேட்டரியைப் பிடுங்கி எடுத்தாள். நாலு புள்ளி ஏழு. கண்ணாடியை விரலால் சுண்டினாள். முள் ஆடியது, ஆடிவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றது. 

முள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அட்டையில் குறித்து வைக்கலாம் என்று பென்சிலை எடுத்தாள். அவசரத்தில் ஏழு போட நினைத்தது ஒன்று மாதிரி விழுந்தது. நாலு புள்ளி ஒன்று. பெட்டிக்குள் 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம். முள் இறங்கி நாலு புள்ளி ஒன்றில் நின்றது.

ரப்பரால் அழித்தாள். முள் ஏறியது. இரண்டு என்று எழுதினாள். முள் இரண்டுக்கு வந்தது. இப்படி நாலைந்து தடவை. பார்க்கிறவர்களுக்கு அவள் ஏதோ கவனமாக வேலை செய்கிற மாதிரித்தான் இருந்திருக்கும்.  ஏழு மாதமாக அவள் அளக்காமல் நாலு புள்ளி ஏழு என்று எழுதியிருக்கிறாள், ஏழு மாதமாக அது எழுதியதைக் காட்டிக் காட்டிப் பழகிவிட்டது.

உடனே தாய்க் கருவியை எடுத்துச் சூடேற்றினாள். இந்த மாதம் ஒன்பதாம் பெட்டியில் பாஸான பன்னிரண்டு கைசெட்டுகளில் பதினொன்று அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டு நன்றாக இருந்தன. மூன்று செத்தவை. விளக்கு பச்சையாக எரியும், வெளியே ஒரு முனகல்கூடப் போகாது. பன்னிரண்டாவது தம்பியின் இடுப்பில் இருந்தது.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது மணி பதினொன்றரை. மலையடிவாரத்தில் ஜீப் நிற்கிறது. ஒரு ஆளை நல்ல செட்டோடு பின்னால் அனுப்பினால் தீர்ந்தது. மேலதிகாரியின் கதவு வரைக்கும் போனாள். அவருக்கு ரப்பர் ஸ்டாம்பு என்று பேர், எதை நீட்டினாலும் படிக்காமல் போடுவார்.

"என்னம்மா?" என்றார்.

ஏழு மாதம் பொய் எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வேலை போகும். விசாரணை வரும். பதினாறு வருஷப் பேர் ஒரு மத்தியானத்தில் சிரிப்பாய்ச் சிரிக்கும். தம்பிதான் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடப் போகிறானே. ஒவ்வொரு தடவையும் வருகிறானே. நாலு செட்டில் மூன்று நல்ல செட்டுதானே.

"ஒண்ணுமில்ல சார். ஆய்வு எத்தனை மணிக்குன்னு கேக்க வந்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவள் தம்பியையே மறைத்தாள். பாவி.

மூன்று மணிக்கு மலை மேல் மூடுபனி இறங்கியது. ஐந்தாயிற்று, ஐந்து இருபதாயிற்று. ஆள் வரவில்லை. ரேடியோ அறைக்குப் போனாள். அங்கே எந்நேரமும் ஹெட்போன் மாட்டியிருக்கிறவருக்குக் காது என்று பட்டப்பேர்.

"வாலு கிட்டேருந்து ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலியே தூசியக்கா. வரலைன்னா நல்லதுதானே? ஆபத்துன்னா கூப்பிட்டிருப்பார். அதுவும் நீங்க பார்த்துக் கொடுத்த செட்டு. போய் டீ குடிங்க."

பட்டறைக்குத் திரும்பினாள். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வரிசை வரிசையாகப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் பெட்டி மட்டும் சத்தமில்லாமல் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தது. அப்போதுகூட மேஜையில் போன் இருந்தது. போனுக்கும் அட்டைக்கும் நடுவில் அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு பேனாவை எடுத்தது. பென்சில் இல்லை, பேனா. குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: 'கைசெட்டு 12 திரும்பி வந்தது. எடுத்துச் சென்றவர் நலம்.' கையெழுத்தும் போட்டாள்.

க்ளிக்.

வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்து, கைசெட்டை மேஜை மேல் வைத்தான்.

"டேய்! எங்கேடா போனே? உயிரே போச்சு எனக்கு! அடி கிடி பட்டுதா?"

"நல்லா இருக்கேன்க்கா," என்றான்.

அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நினைத்தாள். வாசலில் ஜீப் ஓட்டுநர் நின்றிருந்தார். "எங்கே ஏறினான்? ரொம்ப நேரம் காக்க வச்சானா?" என்று கேட்டாள்.

ஓட்டுநர் ஒரு கணம் விழித்தார். "அஞ்சு நாப்பதுக்கு ஏறினார்னு எழுதியிருக்கேன்க்கா."

"எழுதினது இருக்கட்டும். நீ பார்த்தே இல்ல?"

"எழுதியிருக்கேனே," என்றார் அவர் மறுபடியும், ஏதோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் மாதிரி. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

வீட்டில் சமைத்துப் போட்டாள். பதற்றத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்துபோய், தன் வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. வாலு என்றால் அந்நேரம் கூரை பறந்திருக்கும். "என்னக்கா, உப்பு விலை ஏறிடுச்சா?" என்று ஆரம்பித்தால் படுக்கப் போகிற வரைக்கும் ஓயமாட்டான். இவன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லா இருக்குக்கா."

அவன் பூட்ஸில் ஒரு துளிச் சேறு இல்லை. மலையே நனைந்து கிடந்த நாள் அது. அவளுக்கு அப்போதே தெரியும். தெரியவில்லை என்று யார் சொன்னாலும், அவளே சொன்னாலும், நம்பாதீர்கள். தெரிந்துதான் மறுநாள் லீவு போட்டாள். தெரிந்துதான் அவனை எதிரில் உட்கார வைத்துக் காலையும் மத்தியானமும் தட்டு நிறையப் பரிமாறினாள். அப்பா காலமானது, இவன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சை உடைத்தது என்று பழசெல்லாம் பேசினாள். அவன் சரியான இடத்தில் சிரித்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்குச் சிரித்தான். அவன் உட்கார்ந்த பிரம்பு நாற்காலி எப்போதும் கிறீச்சிடும், அன்று சத்தமே போடவில்லை.

சாயங்காலம் அவன் நெற்றியைத் தொட்டாள். சூடும் இல்லை, குளிரும் இல்லை. அலமாரியிலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்து அவன் நாக்குக்கு அடியில் வைத்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. உதறிவிட்டு மறுபடி வைத்தாள். அதே நாலு. ஜன்னலைத் திறந்து குளிர்காற்றில் நிற்க வைத்துப் பார்த்தாள், வெந்நீர் குடிக்க வைத்துப் பார்த்தாள். நாலு, நாலு, நாலு. அதையே தன் வாயில் வைத்தாள். முதல் தடவை தொண்ணூற்றொன்பதைத் தாண்டியது, அடுத்த தடவை சற்றே குறைந்தது.

பதினாறு வருஷம் முள்ளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிருள்ள எதுவும் அச்சடித்த மாதிரி ஒரே அளவு காட்டாது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அசையாமல் இருப்பது உட்கார்ந்த அளவு ஒன்றுதான்.

அப்புறம்தான் அது அவளுக்கு உறைத்தது. இவன் இங்கே உட்கார்ந்திருக்கிறவரைக்கும் பதிவேட்டில் வாலு திரும்பியாயிற்று. திரும்பி வந்தவனை யார் தேடுவார்கள்? மலையில் ஒருத்தன் நேற்றிலிருந்து கிடக்கிறான், இவனுக்கு அவள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"எங்கக்கா போறே?" என்றான் அவன்.

"உன்னைத் தேடத்தான்டா," என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டாமல் ஓடினாள்.

பட்டறையில் ஒரு விதி உண்டு. அட்டையில் பேனாவால் எழுதியதை அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. சிவப்பு மையில் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தூசியக்கா அந்த வரிக்குக் கோடு போட்டாள். காரணம்: 'பார்க்காமல் எழுதியது.' முள் அசையவில்லை. மேலே இருந்த வரிக்குப் போட்டாள், அதற்கும் மேலே போட்டாள். ஏழு மாதத்துக்கும் ஏழு கோடு. 'அளக்காமல் எழுதியது, அளக்காமல் எழுதியது.' ஏழாவது கையெழுத்தின் கடைசிச் சுழி முடிந்தபோது பெட்டிக்குள் ஏதோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. முள் தொப்பென்று பூஜ்யத்தில் விழுந்தது.

மேஜை மேல் நேற்று வைத்த கைசெட்டு இல்லை. போனை எடுத்தாள்.

"காது, என் தம்பி எங்கே?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "தூசியக்கா... நேத்துக் காலைல வெளியே போனதுதான் இருக்கு. திரும்பினதா எதுவும் இல்லையே. ஐயோ, இதை எப்படி யாருமே பார்க்காம விட்டோம்?"

அவள் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ரப்பர் ஸ்டாம்பின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அவர் முதல் தடவையாக ஒரு காகிதத்தை முழுசாகப் படித்தார். முகம் வெளுத்தது. "உள்ளே போயிடுவே தெரியுமா?" என்றார். "தெரியும் சார். முதல்ல ஆளை அனுப்புங்க," என்றாள்.

விடிகிற நேரத்தில் கண்டுபிடித்தார்கள். கம்பத்துக்குப் பக்கத்துச் சரிவில், புரண்ட பாறைக்கு அடியில் இடது கால் மாட்டிக் கிடந்தான். உயிர் இருந்தது. மாற்று உடுப்பு எடுக்க அவள் வீட்டுக்குப் போனபோது நாற்காலி காலியாக இருந்தது. மேஜையில் முந்தின நாள் பரிமாறிய சாப்பாடு, ஒரு பருக்கை குறையாமல் காய்ந்துபோய்க் கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று என்றார். "நேத்துக் காலைல கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா. ஒரு நாள் தாமதம்தான் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு." அவள் தலையாட்டினாள்.

சாயங்காலம் அவனுக்கு நினைவு திரும்பியது. உதடு வெடித்திருந்தது, குரல் கம்மிப் போயிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை கொதித்தது, கொஞ்ச நேரத்தில் சில்லிட்டது, மறுபடி கொதித்தது.

"பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தேன்க்கா. பச்சை எரிஞ்சுது. கேக்குதுன்னு நினைச்சுக் கத்தினேன். முதல் நாள் யாரும் வரலை, சரி, மூடுபனின்னு விட்டேன். நேத்து வெயில் அடிச்சுது. கீழே நம்ம வீட்டுக் கூரைகூடத் தெரிஞ்சுது. புகை வந்துச்சு. அக்கா வீட்லதான் இருக்கான்னு நினைச்சேன்." மூச்சு வாங்கியது. "நேத்து பூரா என்னக்கா பண்ணிட்டிருந்தே?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"உனக்குச் சாப்பாடு போட்டுட்டிருந்தேன்டா," என்றாள்.